தோட்டாவா, ஓட்டமா, பாட்டா? சேலத்துக் காமிக்ஸ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் மாதாமாதம் கூடும் காமிக்ஸ் வாசக நண்பர்களுக்கும், அந்தக் கூட்டத்தைப் பல வருஷமாகக் கட்டிக்காத்து வரும் மூத்த அண்ணன்மார்களுக்கும்,

வணக்கம்.

ஏற்காட்டுக் கூட்டத்துக்குப் பிறகு நீங்கள் எடுத்த முடிவைப் பற்றித்தான் இந்த மடல். இனிமேல் நம் கூட்டங்களில் "யார் ஜெயிப்பார்" என்ற பேச்சுக்கே இடமில்லை, புது வெளியீடுகள், மறுபதிப்புகள், சந்தா, பழைய புத்தகப் பரிமாற்றம் இவற்றைப் பற்றி மட்டும் பேசலாம் என்று சொல்லிவிட்டீர்கள். உங்களில் யாரையாவது தனியாகப் பார்த்து நான் பேசியிருக்கலாம். ஆனால் தடை எல்லோருக்கும் போடப்பட்டது. அதனால் என் மறுப்பும் எல்லோர் முன்னாலும் இருக்கட்டும்.

அன்றைக்கு வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையில் மதியச் சாப்பாடு முடிந்ததும், அமெரிக்காவின் டி.சி. காமிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஃபைனல் க்ரைசிஸ்' கதையை வைத்து விளையாட்டாக ஒரு பட்டிமன்றம் வைத்தோம். அந்தக் கதையின் வில்லன் டார்க்சைட். தலைப்பு: "டார்க்சைடை வீழ்த்தியதில் விஞ்சி நிற்பது பேட்மேனின் தோட்டாவா, ஃப்ளாஷின் ஓட்டமா, சூப்பர்மேனின் பாட்டா?" தலைப்பு வைத்தவருக்குக் கை கொடுக்க வேண்டும், அவ்வளவு பொருத்தம். ஆனால் பேச்சு கொஞ்ச நேரத்திலேயே வேறு எங்கோ போய்விட்டது. "தமிழ்ல வந்த மாயாவி, டெக்ஸ் வில்லர் கதைகள் மட்டும் படிச்சவங்களுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்?" என்று ஒரு தம்பி கேட்டான். "நீ புத்தகமே தொட்டதில்ல, படத்தப் பாத்துட்டு வந்து பேசுற" என்று ஒரு அண்ணன் திருப்பிக் கொடுத்தார். நடுவர் டீ குடிக்கப் போனவர் திரும்பி வரவே இல்லை. மலை இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ்ஸுக்குள் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டே வந்தோம். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்த சின்னப் பையன் ஒருவன்தான் எந்தக் கட்சியிலும் சேராதவன்.

இதற்காகப் பேச்சையே நிறுத்துவது அதிகம் என்பது என் எண்ணம். காமிக்ஸ் படிக்கிறவன் கடைசிச் சண்டையைப் பற்றிப் பேசக்கூடாது என்றால், அப்புறம் சந்தா எப்போது கட்ட வேண்டும் என்று பேசுவதற்கா ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பொய் சொல்லிவிட்டு வருகிறோம்? நாம் தப்பாகக் கேட்ட கேள்விதான் சண்டையில் கொண்டுபோய் விட்டது. கேள்வியை மாற்றினால் அதே மேடையில் அதே ஆட்கள் உட்கார்ந்து அழகாகப் பேசலாம். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதை. அன்றைக்குக் கை தூக்கியவர்களில் பாதிப் பேர் 'ஃபைனல் க்ரைசிஸ்' படிக்காதவர்கள் என்பது நமக்குள் இருக்கட்டும். 2008இல் தொடங்கி 2009இல் முடிந்த ஏழு பாகக் கதை, எழுதியவர் கிராண்ட் மாரிசன். டார்க்சைட் என்பவன் அபோகலிப்ஸ் என்ற நரக லோகத்தின் அரசன், புதிய தெய்வங்கள் என்ற குலத்தைச் சேர்ந்தவன். அவன் தேடுவது 'ஆன்டி லைஃப்' என்ற ஒரு சமன்பாடு. அது கையில் கிடைத்தால் உலகத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு விருப்பம் இருக்காது. அவன் நினைப்பதைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். இந்தக் கதையில் அது அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. இணையம் வழியாக உலகம் முழுக்கப் பரப்பி, கோடிக்கணக்கான மனிதர்களைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறான். அவன் குடியிருப்பதே டான் டர்ப்பின் என்ற ஒரு பழைய போலீஸ்காரரின் உடம்புக்குள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சூப்பர்மேன் வந்து அவனை ஒரு குத்து விட்டால் யார் மேல் விழும்? டர்ப்பின் மேல். டார்க்சைட் விழுந்தால் அவனோடு சேர்ந்து விழப்போவது யார்? அவன் பிடியில் இருக்கும் அத்தனை ஜனமும். பலத்தால் ஒன்றும் செய்ய முடியாதபடி கதையை முதலிலேயே பூட்டு போட்டுப் பூட்டிவிட்டார் மாரிசன். நம் தம்பிகள் செல்போனில் சேர்த்து வைத்திருக்கும் "சூப்பர்மேன் இத்தனை டன் தூக்கினார்" படங்கள் இந்தப் பூட்டுக்குச் சாவி ஆகாது.

அந்தப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1938இல் முதன்முதலில் வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது. மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவுவார், அவ்வளவுதான். வெடிக்கும் பீரங்கிக் குண்டு அவர் தோலைத் துளைக்கும் என்றுதான் அந்தக் கதையே சொல்கிறது. போகப்போகப் பலம் ஏறிக்கொண்டே போய், கிரகத்தையே நகர்த்துகிற அளவுக்கு வந்தது. 1986இல் ஜான் பைர்ன் என்ற எழுத்தாளர் வந்து எல்லாவற்றையும் குறைத்து மறுபடி ஆரம்பித்தார். இப்படி எழுதுகிறவர் கைக்கு ஏற்ப ஏறி இறங்கும் பலத்தை வைத்துக்கொண்டு, "1978 சூப்பர்மேனா, 1988 சூப்பர்மேனா" என்று எடை போட்டு யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தராசே ஆளுக்கு ஆள் மாறினால் எடைக்கு என்ன மரியாதை?

சரி, பூட்டு எப்படித் திறந்தது? கதை தொடங்கும்போதே ஓரியன் செத்துக் கிடக்கிறான். ஓரியன் டார்க்சைடின் சொந்த மகன். எதிரி வீட்டில் வளர்ந்து, அப்பனுக்கு எதிராகவே நின்றவன். அவனைக் கொன்றது காலத்தில் பின்னோக்கிச் சுடப்பட்ட ஒரு தோட்டா. புதிய தெய்வங்களுக்கு விஷமான ரேடியான் என்ற பொருளால் ஆனது. அந்தத் தோட்டாவைத்தான் பேட்மேன் கண்டெடுத்துப் பத்திரப்படுத்துகிறார். ஆறாம் பாகத்தில் டார்க்சைடுக்கு நேராக வந்து நிற்கிறார், கையில் துப்பாக்கியோடு. பேட்மேன் கையில் துப்பாக்கி! சின்ன வயதில் அப்பாவையும் அம்மாவையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்து, அதைத் தொடுவதே இல்லை என்று விரதம் எடுத்தவர். வாழ்க்கையில் இந்த ஒரு முறை மட்டும் என்று சொல்லிவிட்டுச் சுடுகிறார். அதே நொடியில் டார்க்சைடின் கண்ணிலிருந்து புறப்பட்ட ஒமேகா கதிர் வளைந்து நெளிந்து வந்து அவர்மேல் பாய்கிறது.

ஏழாம் பாகத்தில் மின்னல் வேகத்தில் ஓடும் இரண்டு ஃப்ளாஷ்கள், பேரி ஆலனும் வாலி வெஸ்ட்டும், தங்களைத் துரத்தி வரும் மரணத்தையே இழுத்துக்கொண்டு ஓடி வந்து டார்க்சைடின் வாசலில் விடுகிறார்கள். அந்த மரணத்தின் பெயர் பிளாக் ரேசர், அந்தத் தெய்வக் குலத்துக்கு எமன் மாதிரி. டார்க்சைடின் உடம்பு போய்விட்டது. ஆனாலும் ஆவியாக மிச்சம் நிற்கிறான். கடைசியில் சூப்பர்மேன் பாடுகிறார். ஒரு சுரம், அவன் அதிர்வுக்கு நேர் எதிரான அதிர்வு. அவ்வளவுதான், நொறுங்கிப் போகிறான்.

தோட்டா அணி, ஓட்ட அணி, பாட்டு அணி மூன்றுக்குமே இதில் ஆதாரம் இருக்கிறது என்பது இப்போது தெரிந்திருக்கும். அதனால்தான் "யார்" என்று கேட்டால் முடிவே வராது. நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: கடவுளாகிவிட்டவனை விழ வைக்க ஒவ்வொருவரும் தன்னிடமிருந்து எதைக் கொடுத்தார்?

இது ஏதோ அமெரிக்கக்காரன் கதையைப் படித்து மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த கேள்வி என்று நினைக்க வேண்டாம். கந்த சஷ்டிக்கு நம் ஊர் முருகன் கோவில்களில் சூரசம்ஹாரம் பார்க்காதவர்கள் நம்மில் யாராவது உண்டா? சூரபத்மன் யார்? சிவனிடமே வரம் வாங்கி 1008 அண்டங்களை 108 யுகம் ஆண்டவன். இந்த எண்ணைச் சொன்னால், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி மல்டிவெர்ஸ், மல்டிவெர்ஸ் என்று பேசும் நம் தம்பிகள் கொஞ்சம் அமைதியாவார்கள். யானை முகம், சிங்க முகம் என்று தலை மாற்றி மாற்றி வருகிற அந்த உருவத்தைச் சின்னப் பிள்ளைகள் தோளில் உட்கார்ந்து பார்க்கும். யார் ஜெயிப்பார் என்று அங்கே ஒருத்தருக்காவது சந்தேகம் இருக்கிறதா? ஒருத்தருக்கும் இல்லை. இருந்தும் கூட்டம் அசையாமல் நிற்கிறது.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சண்டைக்கு நடுவே வரும். முருகன் தன் பேருருவத்தைக் காட்டுகிறார். அதைப் பார்த்ததும் சூரபத்மனுக்கு ஒரு நிமிஷம் எல்லாம் விளங்கிவிடுகிறது. இத்தனை நாளும் பாலன் என்று நினைத்தேனே, இவன் அல்லவா எல்லாம் என்று துதிக்கிறான். வணங்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது. பேருருவம் மறைந்ததும் பழைய மமதை திரும்பி வந்துவிடுகிறது. கடலுக்குள் மாமரமாகப் போய் நிற்கிறான். வேல் மரத்தை இரண்டாகப் பிளக்கிறது. சேவலாகவும் மயிலாகவும் பாய்ந்து வருகிறவனை முருகன் கொல்லவில்லை. சேவலைக் கொடியில் வைத்துக்கொண்டார், மயிலில் ஏறிக்கொண்டார். (மாமரத்தைப் பிளந்தார்கள் என்றால் நம் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும், அதை விடுங்கள்.)

இரணியன் கதையும் இதே வகைதான். மனிதனாலும் மிருகத்தாலும் சாவு கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது என்று எல்லாப் பக்கமும் வேலி போட்டு வரம் வாங்கியவன், தான் போட்ட வேலியின் இடுக்கிலேயே மாட்டிக்கொண்டான். நம் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் இரணியன் வேஷக்காரர் என்ன மிரட்டு மிரட்டுவார்! கடைசியில் தூண் பிளக்கும் என்பது முன் வரிசையில் தூங்கி வழியும் பாட்டிக்குக்கூடத் தெரியும். பாட்டி எதற்காகக் கண் விழித்துக் காத்திருக்கிறார்? அவன் எந்த வாசலில் மாட்டப்போகிறான் என்பதைப் பார்க்கத்தான். முடிவு தெரிந்த கதையை எப்படிப் பார்ப்பது என்று நம் ஆட்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. காமிக்ஸ் கையில் எடுத்ததும் மட்டும் ஏன் அது மறந்துபோகிறது?

இப்போது டார்க்சைடுக்குத் திரும்பி வாருங்கள். மகனைக் கொல்ல அப்பன் சுட்ட தோட்டா அப்பனையே வந்து சேர்ந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்று பட்டினத்தார் பெயரில் நாம் சொல்லிக்கொள்வது இதைத்தானே? அவன் போட்ட வேலியின் இடுக்கு அது. அந்த இடுக்கில் கை விடுவதற்குப் பேட்மேன் கொடுத்தது தன் விரதத்தை. ஒரு மனிதன் தன்னைத் தான் யார் என்று சொல்லிக்கொள்ள வைத்திருந்த ஒரே விஷயம் அது. அதனால்தான் தோட்டா அணிக்கு என் ஓட்டு எப்போதும் உண்டு. பலத்தில் பார்த்தால் அந்தக் கதையில் மிகவும் நோஞ்சான் பேட்மேன்தான். அவர் பறக்க மாட்டார், தோல் கிழியும். கடவுளுக்கு எதிரே போய் நிற்கவே தகுதி இல்லாதவர் என்று பலத் தராசு சொல்லும்.

பாட்டு அணிக்கு வருகிறேன். அன்றைக்கு அவர்களைத்தான் எல்லோரும் கிண்டல் செய்தோம். "பாட்டு பாடி ஜெயிக்கிறது என்ன, இது என்ன மோகன் படமா?" என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம், நானும்தான். ஆனால் பாருங்கள், எல்லோருடைய குரலையும் தன் குரலாக மாற்றியவனுக்கு எதிரே சூப்பர்மேன் வைத்தது தன் சொந்தக் குரலை. கையால் அடித்தால் டார்க்சைடின் கணக்குக்குள்ளேயே போய்விடுகிறார். பலம்தான் அவன் காசு, அந்தக் காசில் அவனோடு ஏலம் கேட்க முடியாது. உலகத்திலேயே பலசாலியான ஒருவர் பலத்தை ஓரமாக வைத்துவிட்டு வாயைத் திறந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஓட்ட அணியைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பக்கங்களில் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் ஃப்ளாஷ் ஓடுவது ஃப்ளாஷ் எப்போதும் செய்வது. அதில் அவர்கள் எதையும் விட்டுக் கொடுத்ததாக எனக்குப் படவில்லை. ஓட்ட அணித் தலைவர் மன்னிக்கட்டும், மறுத்துப் பேச மேடை திறந்தால் நானே முதல் ஆளாகக் கேட்கிறேன்.

இந்தக் கதை குறையில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். முக்கியமான ஒரு துண்டைத் தனியாக இரண்டு இதழ்களில் போட்டு, அதைப் படிக்காதவனைக் கடைசிப் பாகத்தில் தலை சுற்ற வைக்கிறார்கள். டார்க்சைட் ஒழிந்த பிறகு மாண்ட்ராக் என்று இன்னொருவன் கிளம்பி வருகிறான். சூரசம்ஹாரம் முடிந்து தீபாராதனை காட்டி, ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு அசுரன் மைதானத்தில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? செத்துப்போனதாகக் காட்டிய பேட்மேனும் உண்மையில் சாகவில்லை, காலத்தில் பின்னால் வீசப்பட்டிருக்கிறார், 2010இல் திரும்பி வந்துவிட்டார். அமெரிக்க காமிக்ஸில் சாவு என்பது வெளியூர் போய்விட்டு வருவது மாதிரிதான். இதையெல்லாம் பேசத்தானே மேடை?

நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதியும் இருக்கிறது. டார்க்சைடைப் படைத்த ஜாக் கிர்பிக்கே அந்தக் கடைசிச் சண்டையை நினைத்தபடி எழுத முடியவில்லை. மார்வெலை விட்டு டி.சி.க்கு வந்த 1970இல் அவர் டார்க்சைடை ஒரே ஒரு படக் கட்டத்தில் முகம் மட்டும் காட்டவைத்து அறிமுகம் செய்தார். அடுத்த வருஷம் மூன்று புதிய தொடர்கள். மகன் கையால்தான் அப்பனுக்கு முடிவு என்று அதில் ஒரு தீர்க்கதரிசனம். ஆனால் அந்த மூன்றில் இரண்டை 1972இல், பதினோரு இதழோடு நிறுத்திவிட்டார்கள். பல வருஷம் கழித்து, 1985இல் ஒரு தனிப் புத்தகத்தில் கிர்பி முடித்து வைத்தபோது மகன் அப்பனைக் கொல்லவில்லை. டார்க்சைடின் ஊரில் மிதிபட்டுக் கிடந்த சேரி ஜனங்கள் எழுந்து கலவரம் செய்ய, அவன் ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் சிப்பாயாக நின்றவர் கிர்பி. சர்வாதிகாரி எப்படி விழுவான் என்று அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருந்திருக்கிறது. அந்த முடிவையும் நம் பட்டிமன்றத்தில் நான்காவது அணியாகச் சேர்க்கலாம் என்பது என் யோசனை. அதற்குப் பேச ஆள் கிடைக்காவிட்டால் நான் இருக்கிறேன்.

கிர்பியே 1966இல் ஸ்டான் லீயோடு சேர்ந்து கேலக்டஸ் என்று கிரகங்களைத் தின்னும் ஒருவனைக் கொண்டு வந்தார். அங்கேயும் யாரும் அவனை அடித்து வீழ்த்தவில்லை. ஹீரோக்கள் அவன் கப்பலிலிருந்தே எடுத்து வந்த ஓர் ஆயுதத்தைக் காட்டிப் பேரம் பேசித்தான் அனுப்பினார்கள். அவனுடைய தூதனே எஜமானனுக்கு எதிராக மனம் மாறியதால் பூமியில் சிறைப்பட்டான். அங்கேயும் ஒருவர் கொடுத்துத்தான் தீர்ந்தது. 2019இல் திரையில் தானோஸ் என்ற வில்லனை முடித்த அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்கும் தன் உயிரைக் கொடுத்துத்தான் முடித்தார். தமிழில் விஜய் சேதுபதி குரல் பொருந்தியதா இல்லையா என்பதைத் தனியாக வைத்துக்கொள்வோம், அது இன்னொரு சண்டை.

இனி மூத்த அண்ணன்மார்களுக்கு. "சூப்பர்மேன், பேட்மேன் எல்லாம் நம்ம சரக்கு இல்ல" என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தபோது வாடகை நூல் நிலையத்தில் வரிசையில் நின்று படித்தவர்கள் நீங்கள். உங்களுக்கு அவன்தான் ஹீரோ. ஆனால் மாயாவியும் இங்கிலாந்திலிருந்து வந்தவன்தான். அங்கே 1962இலேயே வாரப் பத்திரிகையில் ஓடியவன். அதைவிடப் பெரிய விஷயம், லயன் காமிக்ஸில் நீங்கள் உயிரை விட்ட ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு). வலைத் துப்பாக்கி, ஹெலிகார், அந்தத் திமிர்! அந்த ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இரண்டு பேரில் ஒருவர். சூப்பர்மேனைப் படைத்த கைதான் உங்கள் ஸ்பைடரையும் எழுதியிருக்கிறது. அந்தத் தம்பிகள் உங்களுக்கு வெறும் தூரத்து உறவு இல்லை, பங்காளிகள்.

மாயாவியையும் இந்தப் பட்டிமன்றத்துக்குக் கூப்பிடலாம். மின்சாரம் பாய்ந்தால்தான் அவன் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். ஒவ்வொரு முறையும் ஷாக் வாங்கித்தான் தன் சக்தியைப் பெற வேண்டும். வலியைக் கொடுத்து வாங்கும் சக்தி அது. டார்க்சைடுக்கு எதிரே மாயாவி என்றால் தம்பிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பேட்மேனைப் பார்த்தும் அந்தக் கல்மூஞ்சிக்காரன் அப்படித்தானே இளக்காரமாகப் பார்த்தான். ஒரே சங்கடம், சேலத்தில் சண்டை நடந்தால் மின்வெட்டு நேரமாகப் பார்த்து டார்க்சைட் வந்துவிடக் கூடாது.

தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. படம் பார்த்துவிட்டு வந்தது குற்றமே இல்லை. நம்மில் எத்தனை பேர் கந்தபுராணத்தைப் படித்துவிட்டுச் சூரசம்ஹாரம் பார்க்கப் போனோம்? ஆனால் வந்த பிறகு புத்தகத்தைத் திறக்க வேண்டும். தமிழில் இந்தக் கதைகள் அதிகம் வரவில்லை, ஆங்கிலத்தில் விலை அதிகம், எழுத்தும் கொஞ்சம் முரடு. எல்லாம் தெரியும். அதற்குத்தான் கூட்டம். படித்தவர் படிக்காதவருக்குக் கதை சொல்ல வேண்டும். தெரிந்தவர் தெரியாதவரை மட்டம் தட்டுவதற்கு மேடை எதற்கு, பஸ் ஸ்டாண்டே போதும்.

ஆகவே நிர்வாக அண்ணன்மார்களிடம் நான் கேட்பது இதுதான். தடையை எடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்திலேயே அதே பட்டிமன்றத்தை வைத்து, தலைப்பில் "யார்" என்பதற்குப் பதிலாக "எதைக் கொடுத்து" என்று மாற்றுங்கள். பேச்சு தொடங்கும் முன் ஒருவர் கதை முழுவதையும் தமிழில் சொல்லட்டும், பக்கங்களைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டி, கட்டம் கட்டமாக. கூத்தில் கட்டியங்காரன் வந்து கதை சொல்லாமல் ராஜா வருவதில்லை. அது முடிந்த பிறகுதான் அணிகள் பேச வேண்டும். செல்போனில் டன் கணக்கு காட்டுபவர்களுக்கு ஒரு நிமிஷம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு அணியிலும் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பஸ்ஸில் வாந்தி எடுத்த பையன் பாட்டு அணிக்கு வர ஏற்கெனவே சம்மதித்துவிட்டான்.

இடம் ஏற்காடு வேண்டாம், அதுவும் மே மாதத்தில். கோடை விழாக் கூட்டத்தில் மேலே போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதிப் பேருக்குப் பேச்சு மறந்துவிடும். கீழேயே, ஐந்து ரோடு பக்கமோ அஸ்தம்பட்டி பக்கமோ ஒரு சின்ன ஹால் பார்த்தால் அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டியிலிருந்து வருகிறவர்களுக்கும் சௌகரியம். நடுவராக யாரை வேண்டுமானாலும் போடுங்கள், டீயை மட்டும் அவர் இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும்.

ஃபைனல் க்ரைசிஸ் தொகுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. அட்டை பிரிந்து போயிருந்ததால் பைண்டிங்குக்குக் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு முன் படிக்க விரும்புகிறவர்கள் பட்டறைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், வரிசைப்படி. இரண்டு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம், ஆறாம் பாகத்தில் எண்ணெய்க் கை வைக்க வேண்டாம்.

இவ்வளவு சொல்லியும் தடை தொடரும் என்றால், நாங்கள் சில பேர் கூட்டம் முடிந்ததும் வெளியே வந்து தட்டுவடை செட் கடை பெஞ்சில் இதே பட்டிமன்றத்தை நடத்திக்கொள்கிறோம். சட்னி செலவு தோட்டா அணி ஏற்கும்.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரன்